தொண்ணூறில் வைத்த விளக்கு

டவுன் பஸ் ஓட்டுகிறவருக்கு வீட்டுக்கு வந்தாலும் வண்டிதான். ஆனால் இது உள்ளங்கையில் அடங்குகிற ரயில் என்ஜின். அதன் வயிற்றுக்குள் நகமளவுக்கு ஒரு சிப் உண்டு. கைக்கருவியில் எண்களைத் தட்டி அதில் பதித்தால் முன்விளக்கு குபுக்கென்று எரியாமல் மெல்ல மெல்ல ஏறும், நிலையத்துக்குள் நுழைந்ததும் தணியும். ஊரிலுள்ள பொம்மை ரயில் பைத்தியங்கள் எல்லாம் விளக்கு வேலைக்கு இவரைத்தான் தேடி வருவார்கள். "கட்டின பொண்டாட்டி முகத்தை என்னைக்காவது இப்படி உத்துப் பார்த்திருக்காரா?" என்று மனைவி அவர்களிடம் புகார் சொல்வாள். பார்த்ததில்லைதான், பாவம்.

அன்று மத்தியானம் மருந்துக்கடைக்காரர், போன வாரம் இவர் விளக்கு வைத்துக் கொடுத்த என்ஜினை மறுபடியும் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க. குறைச்சுக் குடுத்தப்புறமும் விளக்கு கண்ணு கூசுது."

டிரைவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "மாத்திரை விக்கிறவர் எனக்கு விளக்கு வைக்கச் சொல்லித் தரீங்களா?"

மனிதர் அசரவில்லை. பையிலிருந்து இன்னொரு என்ஜினை எடுத்தார். "இதுவும் நீங்க வெச்சுக் குடுத்ததுதானே, நாலு வருஷம் முன்னாடி? இதே மாதிரி இருந்தாப் போதும்."

திரையை இழுத்துவிட்டு இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் நிறுத்தினார்கள். பழையதின் விளக்கு டிரைவருக்கு அழுது வடிந்தது. "பல்பு செத்துப்போச்சு, இதைப் போயி..." என்றவர், பஞ்சாயத்துக்கு மனைவியைக் கூப்பிட்டார். அவள் ஈரக்கையைத் துடைத்தபடி வந்து பார்த்தாள்.

"பழசுதாங்க அழகா இருக்கு. புதுசு மூஞ்சியில அடிக்குது."

டிரைவரை வீம்பு விடவில்லை. பழைய என்ஜினின் சிப்பில் வெளிச்சத்துக்கு என்ன எண் இருக்கிறதென்று கருவியில் படித்தார். தொண்ணூறு. புதியதில் இருநூற்றுக்கு மேல். தொண்ணூறையே புதியதிலும் பதித்தார். இரண்டும் ஒன்றுபோல ஆகிவிட்டன. புது பல்பும் அழுது வடிந்தது.

"ஆங், இப்பத்தான் சரி!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

டிரைவர் குனிந்து பார்த்தார். "அந்த வெளிச்சத்துல உங்களுக்குத் தண்டவாளக் கட்டை தெரியுதா?"

"ஒவ்வொண்ணா எண்ணலாமே."

டிரைவருக்கு இருட்டுதான் தெரிந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் இதே கண்தான், இதுக்கு மேல் ஒரு பொட்டு கூடாது என்று தொண்ணூறில் நிறுத்தியது. கொஞ்ச மாதமாக, மங்கலாக எரிகிறதென்று தெருவிளக்குகளைத் திட்டிக்கொண்டே ஓட்டியதும் நினைவுக்கு வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு டூட்டி. ஸ்டீயரிங்கை விட்டால் வேறு தொழில் தெரியாது.

போனை எடுத்து டிப்போவைக் கூப்பிட்டார். "சார், இன்னைக்கு நான் வண்டி எடுக்கல. கண்ணு சரியில்ல. டாக்டர் பார்த்துச் சொல்ற வரைக்கும் என்னை வண்டியில ஏத்தாதீங்க."

மனைவி பதறிப்போனாள். "என்னங்க இது! முதல்ல டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாமே. உடம்பு முடியலைன்னு இன்னைக்கு ஒரு லீவு சொன்னா ஆகாதா? இப்படிப் பட்டுனு போட்டு உடைச்சிட்டீங்களே, வேலை போயிட்டா என்ன பண்றது?"

அவர் போனைக் கீழே வைக்கவில்லை.

"நேத்து சாயங்காலம் ஸ்கூல் ஸ்டாப்புல ரெண்டு பிள்ளைங்க ரோட்டோரமா நின்னுச்சுங்க. கிட்டப் போனப்புறம்தான் கண்ணுல பட்டுது, சட்டுனு பிரேக் போட்டேன். கண்ணுக்குத் தெரியாத எடத்துல எதுக்கு நிக்கிறீங்கன்னு, அதுங்களைத்தான் திட்டிட்டு வந்தேன்."