சாமைக்காட்டு மஞ்சள்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்னால் கொல்லிமலையில் காட்டிலாகாவுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். சென்னையில் ஓவியம் படித்தவனுக்கு வயிற்றுப்பாட்டுக்காக வாய்த்த வேலை. பகலில் எல்லைக்கல், ஓடை, ஒற்றையடிப்பாதை என்று அளந்து குறிப்பேன். மிச்ச நேரத்தில் எனக்காக வரைவேன். அந்தப் படங்களில் மரம் மரமாக இருக்காது. மலையும் மலையாக இருக்காது. மழை என்றால் அதன் சாய்வு மட்டும், சரிவு என்றால் அதன் நிறம் மட்டும். படிக்கும் காலத்தில் ஒரு சீமைப் பத்திரிகையில் அப்படிப்பட்ட படங்களைப் பார்த்ததிலிருந்து பிடித்துக்கொண்ட பைத்தியம்.

படங்கள் சேரச் சேர, யாராவது பார்த்தாக வேண்டும் என்ற அரிப்பும் சேர்ந்துகொண்டது. பட்டணத்தில் காட்ட வழியில்லை. என் மேலதிகாரியான ரேஞ்சரிடம் இடம் கேட்டேன். நாமக்கல் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். சந்தை நாளன்று காட்டு பங்களாவின் கூடத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அன்று விடிந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஈரத்தில் அட்டைகள் வளைந்திருந்தன. ஒன்றை நிமிர்த்தினால் இன்னொன்று கழன்று விழுந்தது. மாட்டிய வரிசையை மூன்று தடவை மாற்றினேன். வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து கால் வலித்தது.

சந்தைக்கு வந்த மலைக்காரர்கள் மிளகு மூட்டையையும் பலாப்பழத்தையும் வெளியே இறக்கிவைத்துவிட்டு, கூட்டமாக உள்ளே வந்தார்கள். "ஏனுங்க, இது என்னங்க?" என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டார். நான் விடாமல் விளக்கினேன். எல்லாமே இந்த மலையில் என் கண்ணால் பார்த்தவை, ஒரு கோடுகூடப் பொய்யில்லை என்றேன். நல்லா இருக்குதுங்க என்று சொல்லிவிட்டு, சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்க்கப் போனார்கள். மத்தியானத்துக்குள் எனக்கு எரிச்சல் முற்றிவிட்டது.

சாப்பிட்டுவிட்டு ரேஞ்சர் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படத்தின் முன்னும் அவசரமில்லாமல் நின்றார். கடைசிச் சுவரில் ஒரு பெரிய படம். முழுக்கக் கரும்பச்சை, குறுக்கே ஒரு வெள்ளைக் கீற்று, கீற்றுக்கு மேலே உள்ளங்கையளவு மஞ்சள். அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இந்த வெள்ளை, அரியூர் நாட்டுப் பக்கம் இறங்குற ஓடைதானே தம்பி?"

காலையிலிருந்து வந்த அத்தனை பேரில் ஒருவர் என் படத்தைப் படித்துவிட்டார். ஆமாங்க என்று சந்தோஷத்தில் சொல்லியே விட்டேன்.

"அப்ப இந்த மஞ்சள்?"

அப்போதுதான் வாசலில் நின்றிருந்த பெண்ணைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். சந்தையில் வாங்கிய உப்பைக் கூடையில் வைத்து இடுப்பில் இடுக்கியிருந்தார். பத்து நாளுக்கு முன் வழிதவறி நான் திண்டாடியபோது தண்ணீர் கொடுத்தவர். அவருடைய சாமைக்காட்டின் நடுவில்தான் நின்று குடித்தேன். ரிசர்வ் காட்டுக்குள், மரத்தை வெட்டி எரித்து, மண்ணைக் கொத்தி ரகசியமாக விதைத்த நிலம்; தெரிந்தால் வழக்கு. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நானும் வாக்குக் கொடுத்து, காத்தேன். வரைபடத்தில் குறிக்கவில்லை, யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஆனால் கரும்பச்சைக் காட்டுக்குள் பழுக்கத் தொடங்கிய அந்தச் சாமையின் மஞ்சள் என்னை விடவில்லை. நிறம் மட்டும் எதைச் சொல்லிவிடப்போகிறது என்று நினைத்தேன்.

"அது ஒன்றுமில்லைங்க. வெறும் நிறம். அந்த இடத்தில் ஒரு மஞ்சள் தேவைப்பட்டது" என்றேன்.

"எல்லாமே கண்ணால பாத்ததுன்னு காலையிலேர்ந்து சொல்லிட்டிருக்கீங்களாமே?"

"பாறையாக இருக்கலாம். வெயில் பட்ட பாறை."

அவர் தலையசைத்தார். மூன்று நாள் கழித்து அந்தப் பக்கம் போகவேண்டிய வேலை இருக்கிறது, அப்போது பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பிப் பார்த்தேன். வாசலில் அந்தப் பெண் இல்லை.

மறுநாள் விடியற்காலையில் ஓடையைத் தாண்டி ஏறினேன். அந்தப் பெண்ணும் அவர் கணவரும் ஏற்கெனவே அறுத்துக்கொண்டிருந்தார்கள். கதிர் பாதிதான் முற்றியிருந்தது. அரிவாள் கேட்டேன். கணவர் என்னைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்தான் நிமிர்ந்தார்.

"சொல்ல வேண்டாமுன்னு கேட்டனுங்க, நீங்களும் சொல்லுலீங்க. வரைய வேண்டாமுன்னும் கேக்கோணும்னு எனக்குத் தெரியலீங்களே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு அரிவாளை எடுத்து நீட்டினார்.

இரண்டு நாள் அறுத்தேன். கை கொப்பளித்தது. கீழே காய்ந்த இலை சரசரத்தால்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அறுத்த தாள்களைக் கட்டிக் கட்டி அவர்கள் வீட்டுக்குச் சுமந்தோம். அடித்துத் தூற்றியபோது பாதிக்கு மேல் பதராய்ப் பறந்தது. அவர்களுடைய ஒரு வருஷத்துக் கஞ்சி அது. அந்தப் பெண் முறத்தை நிறுத்தாமல் தூற்றிக்கொண்டே இருந்தார்.

சொன்னபடி ரேஞ்சர் போனார். பார்த்தது அறுத்த தாள்களின் அடிக்கட்டை மட்டும். அறுத்து எத்தனை நாளாயிற்று என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? வழக்கு எதுவும் எழுதவில்லை. திரும்பி வந்து, அந்தப் பகுதியின் வரைபடத்தைக் கொண்டுவரச் சொன்னார். அறுப்பு முடிந்த இரவில் அந்த இடத்தில் பாறை என்று நான் குறித்து வைத்திருந்தேன். தெரிந்தே வரைபடத்தில் நான் போட்ட முதல் பொய். அவர் அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

"அந்தப் படம் எனக்கு நெசமாவே புடிச்சிருந்துச்சு தம்பி. அதுல இருக்கிற இடத்தை நானும் பாத்திருக்கேன்னு ஒரு சந்தோஷத்துலதான் கேட்டேன்" என்றார்.

அந்தப் படத்தை அவருக்குக் கொடுக்கவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் மனமில்லை. அந்த வாரமே மாற்றல் கேட்டு எழுதினேன். உத்தரவு வர நான்கு மாதமாயிற்று. அதுவரை அரியூர் நாட்டுப் பக்கம் அளக்கப் போகும்போதெல்லாம், அந்தப் பெண் இருந்த சிற்றூரைத் தவிர்த்து, ஒன்றரை மைல் சுற்றித்தான் நடந்தேன்.