பிரேசிலில் ஒரு மாமா

1. மொழிப் பயிற்சி

எனக்குப் போர்த்துக்கீசு மொழி தெரியும் என்று முடிவு செய்தது நானில்லை. சிதம்பரத்தில் ஒரு மாடியறையில் ட்யூட்டோரியல் நடத்திவந்த வாத்தியார்.

அறுபதுகளின் பின்பாதி. பெண்ணாடம் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் நான் வயல் வயலாகப் போய்க் கரும்பைப் பார்வையிடும் பீல்டுமேன். கடலூரில் எங்கள் மாதா கோவில் பங்குச் சாமியார் மூலம் ஒரு தொண்டு அமைப்பின் அழைப்பு வந்தது. பிரேசில் நாட்டில் ஒரு கரும்பு விவசாயி வீட்டில் தங்கி, ஒரு வருஷம் தொண்டனாக வேலை செய்ய வேண்டும். சாப்பாடு உண்டு, சம்பளம் கிடையாது. வேறு யாரும் வராததால் மிகுந்த பரிசீலனைக்குப் பிறகு என்னையே தேர்ந்தெடுத்தார்கள். மொழிக்குப் பதினைந்து நாள் பயிற்சி. வாத்தியார் கோவாவில் மூன்று மாதம் இருந்தவர். அதில் இரண்டு மாதம் காய்ச்சலில் படுத்திருந்தாராம்.

"ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, இதெல்லாம் எந்த பாஷைன்னு நெனைக்கிற? எல்லாம் அவுங்களுது. நீ பொறந்ததுலேர்ந்து போர்த்துக்கீசுதான் பேசிக்கிட்டிருக்க. தைரியமா போய்யா" என்று ஐந்தாம் நாளே சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டார்.

ஆலையில் கரும்புக்குப் பொறுப்பான கேன் ஆபீசர் அவ்வளவு தாராளமானவர் இல்லை. "லீவு கெடையாது, ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போ. முழு வருஷம் முடிச்ச பேப்பரோட வந்தா சூப்பர்வைசர் போஸ்ட். பாதியில வந்தியோ, கேட்டுக்கு வெளியவே நின்னுக்க" என்றார். எனக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டாரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள்.

2. மாமா

வீட்டுக்காரர் பெயர் ஜுவாக்கிம். ஐம்பது வயது, பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். மனைவி லூர்துஸ். மகன் பவுலோவுக்கு என் வயது. கடலூர்ப் பங்கில் இருக்கிற பெயர்கள்தான் என்பதால் பயம் பாதி போயிற்று. அவர்கள் பேசியதையெல்லாம் நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். அப்படித்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

முதல் நாள் வாத்தியார் வாக்கு பலித்தது. ஜன்னல் என்றேன், திறந்தார்கள். சாவி என்றேன், கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலைக் காப்பிக்கு உட்கார்ந்தபோது ஜுவாக்கிமைக் கூப்பிட வேண்டியிருந்தது. பெரியவரைப் பேர் சொல்லிக் கூப்பிட நமக்கு வாய் வருமா? "மாமா" என்றேன். பவுலோவுக்குப் புரையேறியது. அந்த ஊரில் பால்குடிக் குழந்தை அம்மாவைத்தான் அப்படிக் கூப்பிடுமாம்.

சமாளிக்கலாம் என்று பவுலோவிடம் திரும்பி, "என்ன மச்சான் சிரிக்கிற?" என்றேன். அந்தச் சொல்லும் அவர்களிடம் இருந்தது. மகா ஆம்பளை, சண்டியர் என்று அர்த்தம். பவுலோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் கேட்டதையெல்லாம் செய்தான்.

ஜுவாக்கிம் விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டேன். மாற்றிக் கூப்பிட நினைப்பேன், நாக்கு கேட்காது. அவர்கள் முழுக் கரும்பாகவே நடுவார்கள். நான் சின்னத் துண்டுகளாக, கரணையாக வெட்டிக் காட்டும்போது, "மாமா, மொளைக்கிறதுக்கு மூணு பரு இருக்கணும் மாமா" என்று வந்துவிடும். பக்கத்து வயல்காரர்கள் வேலியோரம் நின்று, "என்ன அம்மா, புள்ளைக்குப் பால் குடுத்தாச்சா?" என்று அவரைக் கேட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அவர் மீசையைத் தடவிக்கொண்டு போய்விடுவார்.

3. இன்ஸ்பெக்‌ஷன்

ஆறாம் மாதம் தொண்டு அமைப்பிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் திருப்தி இல்லை என்று எழுதினால் அடுத்த வாரமே மூட்டை கட்ட வேண்டியதுதான். அவர் ஜீப் வந்து நின்றபோது வீட்டில் நானும் நாயும் மட்டும். நாய் குரைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடியது. நான் பதறிப்போய், "வா! வா! இங்க வா!" என்று கத்தினேன்.

போர்த்துக்கீசில் 'வா' என்றால் 'போ'.

நாய்க்கு என்னைவிட நன்றாகப் போர்த்துக்கீசு தெரியும். நான் கத்தக் கத்த அது உற்சாகமாகப் போனது. இன்ஸ்பெக்டரும் அந்த மொழிக்காரர்தானே, தன்னைத்தான் துரத்துகிறேன் என்று நினைத்து ஜீப்பின் பானெட்டில் ஏறி நின்றார். நான் இன்னும் பலமாக 'வா' என்றேன். கால்சட்டையில் ஒரு முழம் நாய் வாயோடு போயிற்று.

ஜுவாக்கிம் வந்துதான் அவரை இறக்கினார். எங்கள் ஊரில் 'வா' என்றால் பக்கத்தில் கூப்பிடுவது என்று நான் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். மேசையில் உட்கார்ந்து இன்ஸ்பெக்டர் கோபமாக எழுத ஆரம்பித்தார். "ஆறு மாசத்துல போ, வா கூடத் தெரியல. நாயை வேற ஏவி வுடறான். இவனைத் திருப்பி அனுப்பப் போறேன்."

கேன் ஆபீசரும் ஆலை கேட்டும் என் கண்ணுக்குத் தெரிந்தார்கள். எனக்குத் தெரிந்த ஜன்னல், அலமாரியைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஜுவாக்கிம் நிதானமாகக் காப்பியைக் குடித்தார். பிறகு கேட்டார்: "ஐயா, இந்தப் பையன் ஆறு மாசமா என்னை அம்மான்னு கூப்பிடறான். ஊரே சிரிக்குது. எந்த அம்மாவாச்சும் புள்ளைய வெளிய அனுப்புவாளா?"

இன்ஸ்பெக்டர் அவர் மீசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் எழுதியதை அடித்துவிட்டு, 'குடும்பத்தோடு நன்கு ஒட்டிக்கொண்டார்' என்று எழுதினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

முழு வருஷப் பேப்பரோடு ஊர் திரும்பினேன். சூப்பர்வைசர் போஸ்ட் கிடைத்தது, கல்யாணமும் நடந்தது. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். பாஷையை ஒழுங்காகப் படித்துக்கொண்டு போங்கள் என்கிறேன். ஆனால், என்னைக் காப்பாற்றியது நான் தப்பாகச் சொன்ன சொல்தான். அதை எந்த ட்யூட்டோரியலில் சொல்லிக்கொடுப்பது?

கடைசி நாள் பஸ் ஏறும்போது ஜுவாக்கிம் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு எழுத்துச் சொன்னார்: "வா."

நாய் விவகாரத்துக்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் பாஷையில் போ, என் பாஷையில் வா. போயிட்டு வா என்று நாம் சொல்வதைத்தான் அவர் ஒரே சொல்லில் சொன்னார். நான் போனேன். வரச் சொன்ன மற்ற பாதிக்குத்தான் இன்னும் பதில் சொல்லவில்லை.