ரெய்னோ விட்ட கரடி

என் தம்பி ரெய்னோவைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். மற்றதெல்லாம் பிறகு. நல்லவன், இல்லையென்று சொல்லவில்லை. எங்கள் வடக்கு ஒன்டாரியோ நெடுஞ்சாலை நெடுக வீடு வீடாகச் சமையல் எரிவாயு கொண்டுபோய்ப் போட்டே ஆயுளைக் கழித்தவன். குடி கிடையாது, சீட்டு கிடையாது, யாரோடும் வம்பு கிடையாது. ஆனாலும் ஊரில் அவனுக்குப் பெயர் கரடி ரெய்னோ. ஆள் கரடி மாதிரி இருப்பதால் அல்ல. கரடி விடுகிறான் என்பதால்.

அவன் விட்டது ஒரே ஒரு கரடி. அதையே முப்பது வருஷமாக விட்டுக்கொண்டிருந்தான். அதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போயிற்று.

'ஒன்பதாம் நம்பர் கொட்டகை' என்று ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஓடியது. நகராட்சியின் பனி அள்ளும் வண்டிக் கொட்டகையில் நாலு தடியர்கள் உட்கார்ந்து பனி அள்ளுவதைத் தவிர மற்ற எல்லா வேலையும் பார்ப்பார்கள். அவ்வளவுதான் கதை. அதை வைத்து இருபது வருஷம் போல ஓட்டிவிட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கு வயிறுதான் எரியும், என் வாசலில் இடுப்பளவு பனி கிடக்கும்போது இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஒரு குளிர்காலத்தில் அந்தப் படப்பிடிப்புக்காரர்கள் நிஜப் பனி வேண்டுமென்று எங்கள் பக்கம் வந்தார்கள். ஊருக்கு வெளியே இருந்த பழைய கொட்டகை ஒன்றில் முகாம் போட்டார்கள். அவர்களுடைய கணப்புகளுக்கு எரிவாயு கொண்டுபோனவன் ரெய்னோ. போனவன் மத்தியானத்துக்குள் வந்துவிடுவதாக மனைவி மார்லீனிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். அவள் நிறைமாதம். குழந்தைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குழந்தை டாக்டர் பேச்சைக் கேட்கவில்லை. இவன் போன கொஞ்ச நேரத்தில் மார்லீனுக்கு வலி எடுத்துவிட்டது. அவள் இவனுடைய அலுவலகத்துக்குப் போன் செய்தாள், அவர்கள் கொட்டகைக்குப் போன் செய்தார்கள், சொல்லியாயிற்று என்று அங்கிருந்து பதில் வந்தது. மார்லீனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனவள் நான். என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டே அவள் கதவைப் பார்த்திருந்தாள். மகள் துயிலா பிறந்து, குளிப்பாட்டி, துணியில் சுற்றிக் கொடுத்து, அதற்கும் வெகுநேரம் கழித்துத்தான் இவன் வந்து நின்றான்.

எங்கே போயிருந்தாய் என்று கேட்டதற்கு, "நான் கரடியா இருந்தேன்" என்றான்.

கரடி வேஷம் போடும் நடிகனுக்கு அன்றைக்குக் காய்ச்சலாம். ரெய்னோ உயரமாக இருந்ததால் அந்த உடுப்பை இவனுக்கு மாட்டிவிட்டார்களாம். வலி எடுத்த விஷயத்தை யாரும் இவனிடம் சொல்லவே இல்லையாம். எந்தப் பெண்டாட்டி நம்புவாள்? மார்லீன் அறிவு கெட்டவள் இல்லை. அவள் கணக்கு நேரானது. கொட்டகையில் சொல்லியாயிற்று, அங்கே இருந்திருந்தால் இவன் ஓடி வந்திருப்பான், வரவில்லை, ஆகவே அங்கே இல்லை. அதே சாலையில் வேர்னா என்பவள் விடுதி நடத்திக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ரெய்னோவோடு சுற்றியவள். மிச்சத்தை மார்லீனே போட்டுக்கொண்டாள்.

அந்தப் பகுதி ஒளிபரப்பானது. கரடி வந்தது, கொட்டகைக்குள் புகுந்து சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. கடைசியில் ஓடிய பெயர்களில் கரடி என்ற இடத்தில் காய்ச்சல்காரன் பெயர்தான் இருந்தது. மார்லீன் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள். அன்றிலிருந்து இவன் எதைச் சொன்னாலும், "ஆமா, நீ கரடியாத்தானே இருந்தே" என்பாள். ரொட்டி வாங்கி வந்தேன் என்றாலும் அதே பதில்தான்.

அப்புறம் பிடித்தது இவனுக்கு அந்தத் தொகுப்புப் பைத்தியம். எங்காவது ஒரு மூலையில், கரடியின் தலையைக் கழற்றிய பிறகு தன் முகம் ஒரு நொடி பதிவாகியிருக்கும் என்று நம்பினான். முதலில் வீடியோ டேப்புகள் வந்தன. 'சிறந்தவை', 'மிகச் சிறந்தவை', 'ரசிகர்கள் கேட்டவை'. எல்லாவற்றிலும் அதே நாலு பகுதிகள், அட்டைதான் வேறு. இவனும் விடாமல் வாங்கினான். போதாக்குறைக்கு கிறிஸ்துமஸுக்கு என்ன கொடுப்பதென்று தெரியாத சொந்தக்காரர்கள் எல்லாரும் இவனுக்கு அதையே கொடுத்தார்கள். ஒரே தொகுப்பு மூன்று பேரிடமிருந்து வந்த வருஷமும் உண்டு. மார்லீன் எல்லாவற்றையும் வாரிக்கொண்டுபோய் சவுனா என்கிற வெந்நீராவிக் குளியல் அறையில் போட்டாள். அந்தச் சூட்டில் டேப்புகள் அப்பளமாக வளைந்தன. இவன் மறுபடியும் முதலிலிருந்து வாங்கினான். பிறகு டிவிடி வந்தது. மறுபடியும் 'சிறந்தவை'. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

இப்படியே காலம் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன். போன மார்ச்சில், காப்பி குடிக்க என் வீட்டுக்கு வந்த மார்லீன், ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்தபடி, எட்மன்டனில் இருக்கும் மகள் துயிலாவோடு இருக்கப் போவதாகச் சொன்னாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். திரும்பி வருவதாக இல்லை என்றாள். சாமான் வண்டிக்குச் சொல்லியாயிற்றாம், ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை வருமாம்.

நான் திட்டினேன். இந்த வயதில் ஒரு கரடிக்காகவா குடும்பத்தைப் பிரிப்பாய் என்று கேட்டேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"வேர்னாகிட்ட போனதுக்காக இல்ல ஐலி. அது எப்பவோ ஆறிப்போச்சு. தினமும் காலைல எந்திரிச்சு என் முகத்தப் பார்த்து அதே பொய்யச் சொல்றான் பாரு, அது தாங்கல. ஒரே ஒரு தடவ, 'ஆமா, அங்கதான் இருந்தேன்'னு சொல்லட்டும். நான் எங்கயும் போகல."

இதைவிடச் சுலபமாக ஒருத்தி வழி காட்ட முடியுமா? நேராக ரெய்னோவிடம் போனேன். வீட்டு வண்டிக் கொட்டகையில் பழைய பனிச்சறுக்கு வண்டியின் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். வேர்னா செத்தே பல வருஷமாகிவிட்டது, அவள் வந்து மறுக்கப் போவதில்லை, ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது என்றேன்.

"நான் கரடியாத்தான் இருந்தேன்" என்றான்.

"டேய், இருந்துட்டுப் போ. பொய்யாவது சொல்லித் தொலையேன்டா, அவ இருப்பா."

கையைத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"உண்மையச் சொன்னதுக்கே இத்தன வருஷம் நம்பல. இப்ப நான் பொய் சொல்லி அவ நம்பிட்டான்னு வச்சுக்கோ, மிச்ச நாளும் நான் அந்தப் பொய்யோடதான அவ பக்கத்துல படுக்கணும்? என்னால ஆகாது, ஐலி."

எனக்கு அவனை அந்தச் சங்கிலியாலேயே சாத்தலாம் போலிருந்தது.  நான்கூட அவனை முழுசாக நம்பியவள் இல்லை.

மார்லீன் பெட்டி கட்ட ஆரம்பித்தாள். பீங்கான், போர்வை, தையல் இயந்திரம் என்று ஒவ்வொன்றாகக் கூடத்துச் சுவரோரம் ஏறியது. இவன் பெட்டிகளுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கி நடந்தான். அந்த நேரத்தில்தான், சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கும்போது, தபாலில் கடைசித் தொகுப்பு வந்து சேர்ந்தது. முழுத் தொடரும் ஒரே பெட்டியில். அதை இவன் முந்தின வருஷமே சொல்லிவைத்து மறந்திருந்தான். ரொட்டி சுடும் இயந்திரம் அளவுக்கு இருந்தது. கூடவே, வெட்டி எறிந்த காட்சிகள் என்று தனியாக ஒரு டிவிடி தட்டு.

மறுநாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டான். அவனும் இன்னும் போட்டுப் பார்த்திருக்கவில்லை. மார்லீன் இல்லாமல் பார்க்க மாட்டானாம், அவள் வர மாட்டாளாம். நான் போய் அவள் கையிலிருந்த ஒட்டு நாடாவைப் பிடுங்கி வைத்துவிட்டு, "கடைசியா ஒரு தடவ பார்த்துட்டுப் போடி, இத்தன வருஷம் பார்த்த தண்டத்துக்கு இதயும் பார்த்துரு" என்று இழுத்து வந்தேன். அவள் உட்காரவில்லை. சோபாவின் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வசனம் மறந்தவன், சறுக்கி விழுந்தவன், பாதியில் சிரித்தவன் என்று ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குக் கொட்டாவி வந்தது. அப்போது கொட்டகை வாசலில், பனியில், கரடி தனியாக நின்றது. சிவப்புக் கோட்டு போட்ட ஒரு பெண் கரடியிடம் ஓடி வந்தாள்.

"ரெய்னோ, உங்க ஆபீஸ்லேருந்து போன். உங்க வீட்டம்மாவுக்கு வலி எடுத்துருச்சாம், ஆஸ்பத்திரிக்குப் போறாங்களாம்."

கரடி தலையை ஆட்டியது. அந்தப் பெண் அதன் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். யாரோ "ஆரம்பிக்கலாம்" என்று கத்தினார்கள். கரடி திரும்பி நேராகக் கதவு நிலையில் மோதி மல்லாந்து விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதைச் சேர்த்திருக்கிறார்கள்.

ரெய்னோ துள்ளி எழுந்தான். "நான்தான்! பேரச் சொன்னா பார், ரெய்னோன்னு சொன்னா" என்று என்னையும் மார்லீனையும் மாறி மாறிப் பார்த்தான். முகமெல்லாம் பல்.  அந்த முட்டாள் தன் பெயரை மட்டும்தான் கேட்டிருக்கிறான்.

"உங்கிட்ட சொல்லியிருக்காங்க" என்றாள் மார்லீன்.

"என்ன சொன்னாங்க?"

 அவள் அவன் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டாள். இந்தத் தடவை அவனும் முழுசாகக் கேட்டான். அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டான். அந்தத் தலைக்குள் முழுக்கக் கம்பளி அடைத்திருந்தது, ஒரு இரைச்சலைத் தவிர எதுவும் கேட்காது, யார் வந்தாலும் தலையை ஆட்டு என்று சொல்லியிருந்தார்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். எனக்கே அது சப்பைக்கட்டாகத்தான் பட்டது. முப்பது வருஷம் தேடி, தனக்குத் தானே தூக்குக் கயிறு வாங்கி வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

மார்லீன் அவன் பக்கம் திரும்பவில்லை. மறுபடியும் போட்டாள். மறுபடியும். சோபாவைச் சுற்றி வந்து திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். அப்போதுதான் நானும் கவனித்தேன். மோவாய் மெதுவாகக் கீழே இறங்குகிறது, கொஞ்சம் நிற்கிறது, பிறகு சடசடவென்று இரண்டு குட்டி ஆட்டல். விறகு எடுத்து வா என்று அம்மா சொன்னபோதெல்லாம் நான் பார்த்த தலையாட்டல். குப்பையைக் கொண்டுபோய் வை என்று மார்லீன் சொல்லி, குப்பை அங்கேயே கிடந்த ஒவ்வொரு வாரமும் அவள் பார்த்த தலையாட்டல். எதுவும் காதில் ஏறாதபோது மட்டும் இவன் ஆட்டுவது.

"கேட்கல, ஐலி" என்றாள் என்னிடம். "இவனுக்கு ஒரு வார்த்த கேட்கல." என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். எவ்வளவு வருஷம், எவ்வளவு வருஷம் என்று அதையே சொன்னாள். எனக்கும் கண் கலங்கியது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார் மேலும் கோபம் வந்தது.

மார்லீன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவனிடம் சொன்னாள், நான் போகல, அந்த வண்டிக்காரனுக்குப் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிடு என்று. ரெய்னோ திரையைப் பார்த்தபடி தலையை ஆட்டினான். அப்பாடா என்று நான் வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை ஜன்னலைத் திறந்தால் அவர்கள் வாசலில் சாமான் வண்டி நிற்கிறது. வீட்டுச் செருப்போடு சேற்றுப் பனியில் ஓடினேன். ரெய்னோ தையல் இயந்திரப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கிப் போகிறான். கண்ணும் மூக்கும் ஒழுகுகிறது, துடைக்கக் கை இல்லை. பாதிப் பெட்டிகள் ஏற்கெனவே வண்டியில். முதுகு வலிக்காரியான மார்லீன், இவன் பிரித்து அடுக்கட்டும் என்று அவற்றை அப்படியே விட்டு வைத்திருந்தாள். இரண்டு நாளாக இவன் பேசாமல் இருந்தது வெட்கத்தினால் என்று நினைத்திருக்கிறாள்.

துவைக்கும் அறையிலிருந்து அவள் ஓடி வந்தாள். "இத எங்க தூக்கிட்டுப் போற?"

"நீ போறதுன்னா நான் தடுக்கல, மார்லீன். பத்திரமா ஏத்திக் குடுக்கிறேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

அவள் பெட்டியை அவனிடமிருந்து வாங்கிப் பனியில் வைத்தாள். காதுவரை இழுத்துவிட்டிருந்த அவன் குல்லாவைக் கழற்றினாள். இரண்டு காதையும் பிடித்து அவன் முகத்தைத் தன் முகத்துக்கு நேரே திருப்பினாள்.

"நான் போகல. கேட்டுச்சா?"

அவன் மோவாய் கீழே இறங்கத் தொடங்கியது.

"தலைய ஆட்டாத" என்றாள், காதை விடாமல். "வாயத் தொறந்து சொல்லு. நான் என்ன சொன்னேன்?"

வண்டிக்காரன் சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு எங்களைப் பார்த்தான். ரெய்னோவின் உதடு இரண்டு தடவை அசைந்து, மூன்றாவது தடவைதான் சத்தம் வந்தது.

"நீ போகலன்னு சொன்னே" என்றான்.