கார்த்திகைக்கு முந்தைய மாத்திரை

தென்காசியில் குழல்வாய்மொழியைப் பார்க்காதவர்கள் உண்டு; கேட்காதவர்கள் கிடையாது. ஜவுளிக்கடைத் தள்ளுபடியோ, சுரண்டையில் புதிதாகத் திறந்த செருப்புக்கடையோ, எதுவானாலும் தெருத்தெருவாகப் போகும் விளம்பர ஆட்டோவில் ஒலிக்கிற குரல் அவளுடையது. ஓட்டுகிறவன் புருஷன் குத்தாலிங்கம். "வாங்க வாங்க, அண்ணாச்சிமாரே, அக்காமாரே" என்று மைக்கில் தேனாக ஒழுகுவாள். மைக்கை அணைத்ததும், "ஏங்க, பள்ளத்துல விடாதீங்கன்னு எத்தன தடவ சொல்லுதது?" என்று வேறொரு குரல் வரும். ஒருநாள் அணைக்க மறந்து, அந்தக் குரலும் ரதவீதி முழுக்கக் கேட்டது. அன்றைக்குக் கடையில் நல்ல கூட்டமாம்.

கல்யாணமாகி வருஷங்கள் போயும் பிள்ளை இல்லை. மாதக் கார்த்திகைதோறும் பண்பொழி மலைக்குப் படியேறி வருவதாக முருகனுக்கு நேர்ந்துகொண்டாள்; ஒரு மாதமும் தவறவில்லை. வைத்தியமும் நடந்தது. டாக்டர் ஷமீம் பானு பள்ளிக்கூடத்தில் அவளுடைய பெஞ்சுக்காரி. அதனால் ஸ்கேன் அறையில் மரியாதைக்கு இடமில்லை.

"இந்த மாசமும் முட்டை வெளிய வரலட்டி," என்றாள் ஷமீம். "டெஸ்ட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பிறகு இதுக்கு என்ன கேடு?"

"என்னயக் கேட்டா? முட்டைகிட்ட கேளு."

"வேற மாத்திரை எதும் திங்கியா?"

"தலைவலிக்குக்கூடத் திங்கமாட்டேன்."

ஷமீம் யோசித்தாள். "உனக்குக் கார்த்திகையை ஒட்டித்தானே தீட்டு வரும்? பிறகு எப்படி ஒரு மாசம்கூட விடாம மலையேறுத?"

"அதான் தள்ளிப்போட மாத்திரை விக்காம்லா! தீட்டு நின்ன கொஞ்ச நாள்லயே ஆரம்பிச்சிருவேன். சாமி காரியத்துல ரிஸ்க் எடுக்கக் கூடாது பாரு."

ஷமீம் கருவியைக் கீழே வைத்துவிட்டாள். "மாத்திரையே திங்கலன்னு சொன்னியே!"

"இது மாத்திரையாட்டி? இது கோயிலுக்குப் போறதுக்கு!"

அவள் கணக்கில் அது சூடம், தேங்காயோடு சேர்ந்த சாமான்.

"அது புரோஜெஸ்டிரான் சாதி மாத்திரை," என்றாள் ஷமீம். "அந்த ஹார்மோன் நம்ம உடம்புலயே சுரக்கும். முட்டை வெளிய வார நேரத்துல, அது இருக்க சின்ன நீர்ப்பையில இந்த ஹார்மோனைப் பிடிச்சுக்கிட ஏற்பின்னு ஒண்ணு உண்டாகும். ரெண்டும் சேர்ந்தாத்தான் பை உடைஞ்சு வழி விடும். ஆராய்ச்சியில அந்த ஏற்பி இல்லாம ஆக்குன எலிக்கு, முட்டை உள்ளயே மாட்டிக்கிட்டுக் கிடந்துச்சாம்."

"அப்ப நல்லதத்தானே தின்னுருக்கேன்?"

"நேரம்னு ஒண்ணு இருக்குல்லா? முன்னாடியே உள்ள போயிட்டா, 'சரி, முட்டை வெளிய போயிட்டு போல'ன்னு மூளை உத்தரவே போடாது. உத்தரவு வரலன்னா ஏற்பியும் வராது. அருவில தண்ணி நல்லா விழுது. ஆனா போலீஸ் கயித்தைக் கட்டி, விசில் ஊதி, ஒருத்தரையும் குளிக்க விடலன்னு வையி. அந்தப் போலீஸை மாசாமாசம் கூட்டியாந்து நிப்பாட்டுனது நீதான்."

ஊரே கேட்ட குரல் உள்ளே போய்விட்டது. "பிள்ளை கேட்டுத்தானே போனேன்... நானேவா மறிச்சேன்?"

"தெரிஞ்சா செஞ்ச? இனிமே நிறுத்திரு."

"நேர்ச்சை?"

"அது என் டிபார்ட்மென்ட் இல்லட்டி."

மாத்திரையை நிறுத்தினாள். அடுத்த கார்த்திகைக்குச் சரியாகத் தீட்டு வந்துவிட்டது. மலையடிவாரத்தில் ஆட்டோவுக்குள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் ஏன் வரலன்னு சொல்லிருங்க."

"முருகன்கிட்ட இதப் போயி எப்படிளா சொல்ல?" என்றான் குத்தாலிங்கம். பிறகு அவனே, "ரெண்டு பொண்டாட்டிக்காரரு, சொன்னாப் புரிஞ்சுக்கிடுவாரு," என்று படியேறினான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்தவனிடம், "என்ன சொன்னாரு?" என்றாள்.

"உடம்பப் பாத்துக்கிடச் சொன்னாரு."

அந்த மாதம் ஷமீம் அடுத்தடுத்து ஸ்கேன் பார்த்தாள். ஒருநாள் திரையில் உருண்டையாகக் கறுப்பாக ஒன்று தெரிந்தது. மறுமுறை போனபோது அதைக் காணவில்லை. ஷமீம் கதவைத் திறந்து குத்தாலிங்கத்தையும் உள்ளே கூப்பிட்டாள். அவன் கார்புரேட்டரைப் பார்க்கிற முகத்தோடு திரையைப் பார்த்தான்.

"ஒண்ணும் தெரியலியே டாக்டரம்மா?"

"அதான் அண்ணே நல்ல சேதி. பை உடைஞ்சு முட்டை வெளிய வந்துட்டு."

குழல்வாய்மொழி ஷமீமின் கையைப் பிடித்தாள். "அப்ப பிள்ளை?"

"அதுக்கு நான் என்னட்டி செய்ய? இப்ப ஒரு வழி தொறந்திருக்கு. ரெண்டு பேரும் முதல்ல வீட்டுக்குக் கெளம்புங்க."

குத்தாலிங்கம் தரையைப் பார்த்தான். "சாயங்காலம் செங்கோட்டைக்கு ஒரு விளம்பரம் இருக்கே..."

"நாளைக்குப் போயிக்கிடலாம்," என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தாள் குழல்வாய்மொழி.