கோயில் மெழுகில் செய்த கிறீம்

சண்டை முடிந்த பிறகு எங்கள் கரைக்கு வந்த பயிற்சிகளுக்குக் குறைவில்லை. அதில் ஒன்று கிறீம் செய்யும் பயிற்சி. எங்கள் வேதக்கோயில் மண்டபத்தில் கதிரை போட்டு மூன்று நாள் சொல்லித் தந்தார்கள். எனக்கு எல்லாம் நன்றாகவே விளங்கியது. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. விளங்காத ஒருத்தி செய்திருந்தால் மன்னிப்பு உண்டு.

படித்தது இவ்வளவுதான். தேன்மெழுகு எண்ணெயை இறுக்கும், தண்ணீரைப் பிடித்து வைக்காது. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் நிற்க வேண்டுமென்றால் அவற்றை இணைக்கிற மெழுகு தனியாக வேண்டும். அது கிடைக்காவிட்டால் தண்ணீரே சேர்க்க வேண்டாம், தேங்காயெண்ணெயில் தேன்மெழுகைக் கரைத்துப் பூச்சாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார் படிப்பித்த மிஸ். இணைக்கும் மெழுகில் ஒரு பை தந்துவிட்டுப் போனார்கள். பை ஒரு மாதத்தில் முடிந்தது. அவர்கள் பிறகு வரவில்லை.

பூச்சு செய்ய எனக்கு மனமில்லை. மஞ்சளாய், பிசுபிசுவென்று, யாருக்கு வேண்டும் அது? கடைக் கிறீம் மாதிரி வெள்ளையாய் வரவேண்டும் என்ற வீம்பு. கற்பிட்டிப் பக்கத்து ஹோட்டல் ஒன்று, இயற்கைச் சாமான் என்றால் எடுப்போம் என்று வேறு சொல்லியிருந்தது.

அக்கா அப்போது முந்தல் பக்கம் இறால் உரிக்கும் கம்பனியில் வேலை செய்தாள். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை. விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கும். சனிக்கிழமைகளில் கோயிலைக் கூட்டுவதும், சனங்கள் மெழுகுதிரி கொளுத்தும் தட்டைச் சுரண்டுவதும் அவள்தான். ஒருநாள் சுரண்டிய மெழுகைப் பேப்பரில் பொதிந்து கொண்டுவந்து தந்தாள்.

"கோயில் திரி தேன்மெழுகுலதான் செய்யணும் எண்டு சட்டமாம். சாமியார் மந்திரிச்சதும் கூட. முதல் போத்தல் எனக்குத்தான், சொல்லிப்போட்டன்."

சட்டமெல்லாம் பூசைப் பீடத்துத் திரிக்கு. தட்டில் எரிவது கடையில் வாங்குகிற வெள்ளைத் திரி. உருக்கும்போதே என் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. தேன் வாசம் துளியும் இல்லை, மண்ணெண்ணெய் வாசம்தான். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. எனக்கோ லேபிளில் தேன்மெழுகு என்று எழுதுகிற ஆசை. சொல்லவில்லை. இணைக்கும் மெழுகுக்குப் பதில் சவர்க்காரத்தைத் துருவிப் போட்டேன். கிணற்றுத் தண்ணீரை விட்டு அடித்தேன். வெள்ளை வெளேரென்று வந்தது. என்ன கெட்டித்தனம்!

"எரியுது," என்றாள் அக்கா மறுநாள். "மருந்து பிடிக்குது போல."

"ஓம்," என்றேன். எரித்தது சவர்க்காரம் என்று எனக்குத் தெரியும்.

ஒரு கிழமையில் போத்தலின் அடியில் தண்ணீர் பிரிந்து நின்றது. மேலே சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். பொருளைக் கெடாமல் வைக்க எதுவும் போடாதவள் நான். அக்கா பூஞ்சணத்தை வழித்துவிட்டுத் தொடர்ந்து பூசினாள். மந்திரித்ததை வீணாக்கக் கூடாதாம். வெடிப்பு புண்ணானது, விரல் வீங்கிச் சீழ் வைத்தது. புண் உள்ள கையை இறாலில் வைக்கக் கம்பனியில் விடமாட்டார்கள். வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவள் இடத்தில் வேறொருத்தியை எடுத்தார்கள்.

அந்தக் கிழமை மிச்சப் போத்தலைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள்.

"கோயில் சாமான். குப்பையில எறியாத, புதைச்சுப்போடு."

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "அக்கா, அது தேன்மெழுகில்ல. உருக்கக்குள்ளயே எனக்குத் தெரியும்."

கட்டுப் போட்ட விரலைப் பார்த்தாள். "நான் எரியுது எண்டு சொல்லக்குள்ளயும் தெரியுமா?"

"ஓம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் கையிலிருந்த போத்தலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இப்போதும் சனிக்கிழமைகளில் அவள்தான் தட்டைச் சுரண்டுகிறாள். சுரண்டிய மெழுகைக் கோயில் வளவில் தானே குழி தோண்டிப் புதைக்கிறாள். எனக்கு ஒரு துண்டும் தருவதில்லை.