மூடியில் சிவப்புப் பொட்டு

மூத்த மகளுக்குப் பிள்ளை பிறந்தது நோன்பு மாதத்தில். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். விடியத்தான் பிறக்கும் என்று டாக்டரம்மா சொன்னதால், மாமாவுக்கு நோன்பு திறக்க ஏதாவது செய்து வைத்துவிட்டு வரலாம் என்று மதியம் பஸ் ஏறினேன். மாமா என்றால் என் மாமனார். மாமியார் இல்லை, மவுத்தாகிவிட்டார். வீட்டுக்காரர் குவைத்தில். வேறு ஆள் இல்லை.

வடை போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பிள்ளை பிறந்துவிட்டது. நர்ஸ் கதவைத் திறந்து இந்தப் பெண்ணோட அம்மா யாரு என்று கேட்டிருக்கிறாள். யாரும் இல்லை. பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்திருந்த ஒரு பெண் கையை நீட்டி வாங்கியிருக்கிறாள். அவள் யார், எந்த ஊர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்த்தான் நான் பிள்ளையைப் பார்த்தேன்.

இளையவளுக்கும் கணக்குப் பார்த்தால் நோன்பு மாதத்தில்தான் வந்தது. இந்தத் தடவை கதவுக்கிட்ட நான் நிற்க வேண்டும். அதற்கு மாமாவுக்கு வீட்டில் சாப்பாடு இருக்க வேண்டும். கடைச் சாப்பாடு அவருக்கு வயிற்றுக்கு ஆகாது. அடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடவும் மாட்டார்.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன்.

"ஆக்கி பிரீசர்ல வச்சுட்டுப் போ. இது ஒரு பெரிய விசயமா?"

"கெட்டுப்போவாதா?"

"நாங்க இங்க என்ன பண்றோம்னு நெனச்ச? வெள்ளிக்கெழமை லீவு. ரூம்ல எல்லாரும் சேந்து ஆக்கி டப்பால போட்டு வச்சு, அடுத்த வெள்ளி வரைக்கும் திங்கிறோம்."

இத்தனை வருசம் இதை அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. சாப்டீங்களா என்று கேட்பேன். சாப்டேன் என்பார்.

அவரே வழி சொன்னார். நன்றாக ஆறிய பிறகு வை. டப்பாவை முட்ட நிரப்பாதே, விரல் அளவு இடம் விடு, உறையும்போது உப்பும். ஒரு டப்பா ஒரு வேளைக்கு. உருகினதைத் திருப்பி உள்ளே வைக்காதே. உருளைக்கிழங்கு போடாதே.

கத்தரிக்காயைப் பற்றி அவர் சொல்லவில்லை.

முதலில் ஒரு டப்பா தாளிச்சா வைத்துப் பார்த்தேன். துவரம்பருப்பு, எலும்பு, மாங்காய், கத்தரிக்காய். நாலு நாள் கழித்து எடுத்துச் சுட வைத்து மாமாவுக்கு ஊற்றினேன். சொல்லாமல்தான் ஊற்றினேன். இரண்டு வாய் சாப்பிட்டார். அப்புறம் கரண்டியை விட்டுத் துழாவினார்.

"கத்தரிக்கா எங்க?"

"அதுலதான் இருக்கு மாமா."

"தோலு இருக்கு. காய் எங்க போச்சு?"

சொல்லிவிட்டேன். கையைக் கழுவிக்கொண்டார்.

"பிரீசர்ல வைக்கிறது மய்யித்த. வெளிநாட்டுலேர்ந்து மவன் வந்து அடக்குற வரைக்கும். திங்கிற கறிய வைக்கிறது இல்ல."

"ஒங்க மவன் அதைத்தான் திங்கிறாராம், குவைத்துல."

"அதான் அவன் மொகத்துல களையே இல்ல."

அதோடு பேச்சு முடிந்தது. நான் நிறுத்தவில்லை. தாளிச்சாவில் கத்தரிக்காயை விட்டுவிட்டேன். அதை எடுக்கிற அன்றைக்குப் புதிதாக வதக்கிப் போட்டால் போதும். மாமாவுக்கு வதக்கத் தெரியாது. கத்தரிக்காய் இல்லாமலே சாப்பிடட்டும் என்று விட்டேன்.

நோன்புக்கு முந்தின வாரம் முழுக்க அதே வேலை. ஆட்டுக்கறியை வேக வைத்துச் சுருள வறுத்தேன். கோழிக் குழம்பு தேங்காய் ஊற்றாமல். சமோசா மடித்துப் பச்சையாகவே தட்டில் அடுக்கி உறைய வைத்து, அப்புறம் கவரில் போட்டேன். முதலிலேயே கவரில் போட்டால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கல்லாகிவிடும். சப்பாத்தியை அரை வேக்காட்டில் எடுத்து, நடுவில் பால் கவரை வெட்டி வைத்தேன். இஞ்சி பூண்டு விழுதை ஐஸ் தட்டில் ஊற்றினேன். ஒரு வசதி, நோன்புக்கு முந்தி ஆக்குவதால் உப்புப் பார்த்து ஆக்கலாம். நோன்பு வைத்துக்கொண்டு ஆக்கினால் குத்துமதிப்புதான்.

டப்பா எல்லாம் பிரியாணி வாங்கின டப்பா, ஐஸ்கிரீம் டப்பா. மாமாவுக்குக் கண் மங்கல். அதனால் இளையவள் நகப்பூச்சு எடுத்து மூடியில் பொட்டு வைத்தாள். சிவப்பு ஒன்று என்றால் கறி. இரண்டு என்றால் கோழி. மூன்று தாளிச்சா. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ராத்திரியே எடுத்துக் கீழ்த்தட்டுல வச்சுடுங்க. விடியறதுக்கு முந்தி சஹருக்கு எந்திரிச்சு சுட வச்சுக்கலாம். சோறு மட்டும் வடிச்சா போதும்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நோன்பு பாதி போன பிறகு ஒரு நாள் காலையில் இளையவளுக்கு வலி எடுத்தது. கார் பிடித்தோம். மாமா வாசல் வரை வந்தார். குன்னம் தாண்டும்போது மகள் என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, நீ வடை போட போயிற மாட்டியே?"

"மாட்டேன்."

"அக்காகிட்டயும் இப்படித்தான் சொல்லிருப்ப."

"அவ கேக்கல."

அன்று பிறக்கவில்லை. வலி வந்து வந்து நின்றது. பேரீச்சம்பழமும் தண்ணீருமாக ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நோன்பு திறந்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டேன்.

"நோன்பு தொறந்தாச்சா மாமா?"

"ஆச்சு."

"சாப்டீங்களா?"

"ஆச்சு."

"எந்தப் பொட்டு எடுத்தீங்க?"

இருமிக்கொண்டார். "செவப்பு."

"எல்லாமே செவப்புதான் மாமா."

"ஒண்ணு வச்சது. நீ போன வை, புள்ளையப் பாரு."

மறுநாள் பகல் முழுக்க அப்படியே போனது. சாயங்காலம் மகளை உள்ளே கொண்டு போனார்கள். நான் கதவுக்கிட்ட நின்றேன். உட்கார நாற்காலி இருந்தது. உட்காரவில்லை. எங்கோ பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. கையில் இருந்த பாட்டிலில் ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். மூடியைத் திருகுவதற்குள் கதவு திறந்தது.

"இந்தப் பொண்ணோட அம்மா யாரு?"

"நாந்தான்."

பெண் பிள்ளை. துணியோடு கையில் வைத்தாள். வாங்கினேன்.

மாமாவுக்குச் சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார். சாப்பிட்டீங்களா என்றேன். ஆச்சு ஆச்சு என்றார். கொள்ளுப்பேத்தி காதில் பாங்கு நான்தான் சொல்வேன், வேறு யாரையும் சொல்ல விடாதே என்றார். மறுநாள் காலை பஸ்ஸில் வந்துவிட்டார். கன்னம் ஒட்டி இருந்தது. நோன்புக் களைப்பு என்று நினைத்தேன். பிள்ளையை வாங்கிக் காதில் பாங்கு சொன்னார்.

"கறி ஒத்துக்கிச்சா மாமா?" என்றேன்.

"மூக்கு யாரு சாடை?" என்றார்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"ஒங்க வூட்டு மூக்குதான். எங்க பக்கம் இவ்வளவு அகலம் இல்ல." பிள்ளையைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

மூன்று நாள் கழித்து மகளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பிரீசரைத் திறந்தால் ஒன்றும் இல்லை. துடைத்து வைத்திருந்தது. ஒரு டப்பாகூட இல்லை. அவ்வளவையும் ஒரு ஆள் சாப்பிட முடியாது. அடுப்பு மேடையில் ஊறுகாய் ஜாடி இருந்தது. நான் வைத்துவிட்டுப் போனதில் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது.

கேட்பதற்குள் அடுத்த வீட்டு அக்கா, நாங்கள் ராத்தா என்போம், வந்துவிட்டது. பிள்ளையைப் பார்க்க. கையில் என் டப்பா, மூடியில் மூன்று பொட்டு. உள்ளே சீனி. எங்கள் தெருவில் ஏனத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள். ராத்தா உட்காருவதற்குள் எதிர் வீட்டுப் பெண் வந்தது. ஒரு பொட்டு. பேரீச்சம்பழம். அப்புறம் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் வீட்டிலிருந்து ஒரு டப்பா. முந்திரி.

"என்ன ராத்தா இது?"

"எங்கிட்ட கேக்காத. சொல்ல மாட்டேன்னு ஒங்க மாமாகிட்ட வாக்கு குடுத்துருக்கேன்."

"சரி, சொல்ல வேணாம்."

ராத்தாவால் இருக்க முடியவில்லை. சொல்லிவிட்டது. நாங்கள் கார் ஏறிப் போன அன்று மதியமே முக்கு டிரான்ஸ்பார்மர் புகைந்துவிட்டது. தெருவுக்கே கரண்டு இல்லை. வர இரண்டு நாள் ஆகும் என்று லைன்மேன் சொல்லிவிட்டார். சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு வந்த மாமா, இளகுவதற்குள் எல்லா டப்பாவையும் கூடையில் எடுத்து வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார். இன்னிக்கே சுட வச்சுத் தின்னுருங்க என்று சொல்லிச் சொல்லி.

"அவருக்கு?"

"ஒண்ணு வச்சுக்கங்க மாமான்னேன். ஐஸ் கறி நமக்கு ஆவாதுன்னுட்டாரு. எங்க வூட்டுக்கு வாங்கன்னேன், அதுக்கும் வரல. பள்ளிவாசல் கஞ்சிய வாங்கிக் குடிச்சாரு. சஹருக்கு மோரும் சோறும் ஊறுகாயும். ஒனக்கு போன் போடுறேன்னு எடுத்தேன், புடுங்கி வச்சுக்கிட்டாரு. அவ அங்கன நிக்கட்டும்னாரு." ராத்தா எழுந்தது. "ஆனா தாளிச்சா நல்லா இருந்துச்சு. கத்தரிக்காதான் இல்ல."

மாமா அசர் தொழுதுவிட்டு வந்தார். மேடையில் மூன்று டப்பாவும் வரிசையாக இருந்தன. பார்த்தார். வேறு பக்கம் திரும்பினார்.

"நோன்பு வச்சுக்கிட்டு எங்கிட்ட பொய் சொல்லிருக்கீங்க மாமா."

"நீ போன் போட்டது எப்ப?"

"சாயங்காலம்."

"நோன்பு தொறந்த பொறவா, முன்னையா?"

"பொறவு."

"அப்பறம் என்ன?" என்றார். தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

நான் கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்தேன்.