கண்ணாடி வேர்த்த காலை

அடைக்கலராஜ் செத்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஞானமுத்துவுக்கு அவன்மேல் இருந்த பொறாமைக்கு மட்டும் சாவு வரவில்லை.

பதினாறு வருஷம் இரண்டு பேருமாகத்தான் மலையெல்லாம் சுற்றி டாக்குமெண்டரி எடுத்தார்கள். கேமராவை இயக்கியது ஞானமுத்து. டைட்டிலில் வந்ததோ, ‘ஒளிப்பதிவு, இயக்கம்: அடைக்கலராஜ்’. கீழே பொடி எழுத்தில், ‘உதவி: ஞானமுத்து’.

1985-இல் மதராஸிலிருந்து சேனாதிபதி என்ற டைரக்டர், இறந்தவரைப் பற்றிப் படமெடுக்கக் கொடைக்கானலுக்கு வந்தார். அடைக்கலராஜ் வீட்டு ஹாலிலேயே ஞானமுத்துவை உட்கார வைத்து மூஞ்சியில் விளக்கைப் போட்டார். அடைக்கலராஜின் மனைவி லீமா கதவோரம் நின்றாள்.

“அந்தக் கவுஞ்சி கிராமத்து ஷாட்டைப் பத்திச் சொல்லுங்க சார்.”

ஊரெல்லாம் மெச்சிய ஷாட். முதலில் வெறும் பால்வெள்ளை. பிறகு நெருப்பு. கடைசியில், அடுப்படியில் பூண்டு உரிக்கும் குப்பம்மாளின் முகம். பார்த்தவர்கள் அடைக்கலராஜை மேதை என்றார்கள். இதை விட்டால் இனி எவன் கேட்கப் போகிறான்?

“அத எடுத்தது நான்.”

லீமா நிமிர்ந்தாள். சேனாதிபதி நாற்காலியை இழுத்துப் போட்டார். “எப்படி சார் தோணுச்சு?”

ஒரு பொய் சொன்னால் போதும், மேதை பட்டம் இந்தப் பக்கம் வந்துவிடும். ஆனால் லீமா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க தோணுச்சு தம்பி! ராத்திரியெல்லாம் ஜீப்புல குளிர்ல கெடந்த கேமராவ ஒரு மணி நேரம் முந்தியே அடுப்படியில வச்சு வெதுவெதுப்பாக்கணும். அது என் சோலி. அன்னைக்கு அசந்து தூங்கிட்டேன். கடைசி நேரத்துல அப்படியே தூக்கிட்டு ஓடுனேன். அடுப்படிச் சூட்டுக்குள்ள நொழஞ்சதும் லென்ஸு கண்ணாடி குப்புன்னு வேர்த்துப்போச்சு. நான் கண்ண வச்சுப் பாக்குற கண்ணாடி மட்டுந்தான் வேர்த்திருக்குன்னு நெனச்சு கேமராவ ஓட்டிட்டேன். வேர்வ காயக் காயத்தான் நெருப்பும் முகமும் தெரிஞ்சிச்சு.”

“அப்புறம்?”

“வெட்டி எறிஞ்சிருவோம்னேன். அவந்தான், ‘ஏலே, அதுல கைய வச்ச, கைய ஒடிச்சுப்புடுவேன்’னான்.”

லீமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அவுக குரலு அப்படியே வருது அண்ணே!”

ஞானமுத்து விளக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன் பங்கைக் கேட்க வந்த இடத்திலும் அவனல்லவா வந்து நிற்கிறான்!

“தம்பி, எடுத்தது நான்னு மட்டும் வச்சுக்கங்க. தூங்குனத வெட்டிருங்க.”

“அவுக இருந்தா வெட்ட விடுவாகளா அண்ணே?” என்றாள் லீமா.

ஞானமுத்து சட்டையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்றிக்கொண்டே முனகினார். “விடமாட்டான், பாவி.”

அதையும் மைக் வாங்கிக்கொண்டது.